அந்த இட்லி இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது

காலையில் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் டாய்லெட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது. சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே போய்விடுகிறதா டாக்டர்?

இல்லை. அந்த இட்லி இன்னும் இரைப்பையில்தான் இருக்கிறது. அங்கிருந்து இறங்கவே 2 முதல் 4 மணி நேரம் ஆகும். அப்புறம் சுமார் 6 மீட்டர் சிறுகுடல், ஒன்றரை மீட்டர் பெருங்குடல். இப்போது நீங்கள் கழிப்பது நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்டது. இரைப்பை நிறைந்து விரிந்ததும் பெருங்குடல் சுருங்கித் தள்ளுகிறது. ஸ்டாப்பில் ஆள் ஏற ஏற, "உள்ளே போ, உள்ளே போ" என்று கண்டக்டர் கத்துவாரே, அந்தக் கதைதான். எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்குப் போனாலோ மட்டும் உடனே வந்து காட்டுங்கள்.

ஒன்றரை வயதுப் பேரன் சரியாகச் சாப்பிடுவதில்லை. வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுத்தோம். சோற்றுப் பருக்கையும் முடியும் வந்தது. மறுபடி எடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. வயிற்றின் மேல் குழாய் வைத்து உறிஞ்சினால் தோல், தசை, இரைப்பைச் சுவர் எல்லாவற்றையும் தாண்டிப் பருக்கை எப்படி வரும்? ஓட்டை எதுவும் விழவில்லையே! வந்த பருக்கை எடுத்தவர் வாயில் முன்பே இருந்தது. இரைப்பையின் அமிலத்தில் சோறு நாள்கணக்கில் முழுப் பருக்கையாகக் கிடக்கவும் கிடக்காது.

நிஜமாகவே சிக்குவது வேறு. எச்சில்கூட விழுங்க முடியாமல் ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். அதற்குள் இரண்டு இடத்தில் தொக்கம் எடுத்தாகிவிட்டது. எக்ஸ்ரேயில் உணவுக்குழாயின் மேல்பகுதியில் ஒரு ரூபாய்க் காசு, முழுநிலா மாதிரி. எண்டோஸ்கோப்பி செய்து எடுத்தோம். விழுங்கியது காசாக இல்லாமல் பொம்மையின் பட்டன் பேட்டரியாக இருந்திருந்தால், இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகத் தொடங்கியிருக்கும்.

பேரன் எடை கூடி, ஓடி விளையாடுகிறான் என்றால் பசிக்கும்போது கொடுங்கள், போதும். எடை கூடவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிமான நீர் நீர்த்துப்போகுமாமே?

அப்படியானால் ரசமும் மோரும் என்ன? எச்சில், அமிலம், பித்தநீர், கணையநீர் என்று நம் உடலே ஒரு நாளில் 7 லிட்டர் அளவுக்குக் குடலில் ஊற்றுகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் எம்மாத்திரம்!

கேஸ் மாத்திரை போட்டும் நெஞ்செரிச்சல் நிற்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகுதான் போடுகிறேன்.

அங்கேதான் தப்பு. ஒமிப்ரசோல், பாண்டோப்ரசோல் எல்லாம் இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகளில், வேலை செய்துகொண்டிருப்பவற்றை மட்டுமே பிடித்து நிறுத்தும். அந்தப் பம்புகளை எழுப்புவது சாப்பாடு. அவை எழும்போது மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். அதனால் காலை உணவுக்கு அரைமணி நேரம் முன்னால் போடுங்கள். (இதற்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை, பெயர் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது.) இரண்டு வாரம் இப்படிப் போட்டும் எரிச்சல் அடங்கவில்லையென்றால், மெடிக்கல் ஷாப்பில் இன்னொரு அட்டை வாங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.