சாவகச்சேரிக் காணியை ஈடு வைப்பதற்கு முன்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் உயர்தரம் கணிதப் பிரிவு, இரண்டு சி, ஒரு எஸ். பொறியியல் பீடத்துக்கு இசட் புள்ளி போதாது; மறுபடி பரீட்சை எழுத அவளுக்கு விருப்பமில்லை. ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா, இங்கே ஒரு தனியார் நிறுவனத்தில் வெளிநாட்டுப் பட்டத்துடன் மென்பொருள் பொறியியல் படிக்க வைக்கச் சொல்கிறார். கட்டணம் 30 இலட்சம். சாவகச்சேரிக் காணியை ஈடு வைத்தால் சமாளிக்கலாம் என்று பேச்சு. பதிவுக்கு முற்பணமும் கட்டியாயிற்று. மகளோ “எனக்கு மெஷின் டிசைன்தான் வேணும்” என்று ஒரே பிடியாக நிற்கிறாள். “பிள்ளை குழம்பிப் போயிருக்கிறாள், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்” என்று கடிதம் முடிகிறது.

அம்மா, பெறுபேறு வந்த நாட்களில் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தொலைபேசி எடுக்கிற ஒவ்வொருவரும் ஒரு கோர்ஸின் பெயரைச் சொல்வார்கள். உங்கள் பதற்றத்தில் தப்பில்லை. ஆனால் கடிதத்தை வாசித்த அளவில், அந்த வீட்டில் குழம்பாமல் இருப்பவள் உங்கள் மகள் ஒருத்திதான். அதனால் அந்த ஒரு வார்த்தையை உங்களுக்குத்தான் சொல்லப்போகிறேன்.

மென்பொருள் பொறியியல் நல்ல துறை. நிரல் எழுதுவதில் ஆசையுள்ள பிள்ளைக்குத் தாராளமாகச் சொல்வேன். உங்கள் மகள் ஒரு வரி நிரல் எழுதியதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. “விளையாட்டு” என்று நீங்கள் ஓரமாக எழுதியிருப்பது வேறொன்று. உங்கள் தையல் மெஷினில் தேய்ந்துபோன பிளாஸ்டிக் பற்சக்கரத்தை அளந்து, கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சில் எடுத்துப் பூட்டியிருக்கிறாள். சில நாட்களில் அது இளகிப் பல் மடிந்துவிட்டது. பிறகு வேறு பிளாஸ்டிக்கில், பல்லின் அடி வளைவைப் பெருப்பித்து இரண்டாவது சக்கரம் செய்திருக்கிறாள். முதலாவது சக்கரத்தை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். யூடியூப் பார்த்து எவரும் செய்யலாம். மலிவான அச்சுக்குப் பயன்படும் பி.எல்.ஏ பிளாஸ்டிக் சுமார் 60 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், மோட்டார்ச் சூட்டுக்குப் பக்கத்தில் அது நிற்காது. இதை மடிந்த பல்லைப் பார்த்து அவளாக யோசித்தாளே, அதற்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன். பொருள் ஏன் தோற்றது என்று கேட்கிற புத்தியை 30 இலட்சம் கொடுத்தும் வாங்க முடியாது.

பணத்தையும் பேசிவிடுவோம். வட்டி வருடத்துக்கு 14 வீதம் என்று வைத்தாலும் 30 இலட்சத்துக்கு மாதம் 35,000 ரூபாய், அதுவும் வட்டி மட்டும். முதல் அப்படியே நிற்கும். முதலாம் வருடத்திலேயே பிள்ளை “எனக்கு இது பிடிக்கவில்லை” என்று சொன்னால் காணி போன குற்றவுணர்ச்சியில் வாயைத் திறக்கமாட்டாள்; பிடிக்காததையே படித்து முடிப்பாள். இதில் நான் இளகப் போவதில்லை: காணியை ஈடு வைக்காதீர்கள். கட்டிய முற்பணத்தைத் திரும்பக் கேளுங்கள், தந்தால் சந்தோஷம், தராவிட்டால் போகட்டும். அதைக் காப்பாற்றுவதற்காக மீதியையும் கட்டுகிற குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, மெஷின் டிசைனுக்கு என்ன வழி? மறுபடி உயர்தரம், வெளிநாடு, தனியார் பட்டம் என்று எல்லோரும் சொல்கிற வழிகளை நான் இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை. நம் வீடுகளில் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது: இயந்திரப் படவரைஞர் வேலை. இன்றைக்கு அது டீ ஸ்கொயர் வைத்துக் கோடு போடும் வேலை இல்லை. கணினியில் ஒரு உதிரிப்பாகத்தைத் திண்மமாகவே கட்டி, நிறை பார்த்து, பக்கத்துப் பாகத்தோடு பொருத்திப் பார்த்து, அப்புறம் பட்டறைக்கு வரைபடம் கொடுக்கும் வேலை. இறப்பர், டயர், பிளாஸ்டிக் சாமான்களுக்கு மோல்ட் செய்கிறவர்கள், தேயிலை இயந்திரம் செய்கிறவர்கள், தகட்டில் காற்றுக்குழாய் மடிக்கிறவர்கள், துறைமுகத்துக்குள் கப்பல் கட்டுகிறவர்கள் என்று எல்லோருக்கும் இப்படி ஒருவர் தேவை.

“எந்த சொஃப்ட்வெயார் படிக்க வேண்டும்?” என்றுதான் எல்லாப் பெற்றோரும் முதலில் கேட்பார்கள். அது கடைசிக் கேள்வி. அளவை மாற்றினால் உருவம் தானாக மாறும் முறையை 1988இல் வந்த புரோ எஞ்சினியர் என்ற மென்பொருள் பரவலாக்கியது. 1995இல் சொலிட்வேர்க்ஸ் அதை விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது. இன்றுள்ள மென்பொருள்கள் பெரும்பாலும் அதே யோசனையின் பிள்ளைகள். ஒன்றை ஒழுங்காகக் கற்றவளுக்கு இன்னொன்று பிடிபட அதிக நாள் ஆகாது. ஆகவே ‘மூன்று மாதத்தில் பத்து மென்பொருள்’ என்று விளம்பரம் போடும் இடங்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எந்தப் பொத்தான் எங்கே என்று காட்டித் தருவார்கள், அவ்வளவுதான்.

வீட்டில் தொடங்குவதற்கு அநேகமாகச் செலவே இல்லை. ஃப்ரீகாட் என்ற வரைவு மென்பொருள் முழுக்க இலவசம், அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தது. ஒன்ஷேப் என்ற இன்னொன்று இணைய உலாவியிலேயே ஓடும், பழைய லெப்டொப் போதும். ஆனால் இலவசக் கணக்கில் வரைவது எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும், அதனால் யாருடைய கம்பனி வேலையையும் அதில் வைக்கக்கூடாது. ஃபியூஷன் என்ற மூன்றாவதுக்கு வணிகமல்லாத சொந்தப் பாவனைக்கு இலவச உரிமம் உண்டு. களவாக உடைத்த மென்பொருளில் பழக வேண்டாம். இலவசமாக இவ்வளவு இருக்கும்போது அந்தப் பழக்கத்தோடு ஒரு கம்பனிக்குள் போவது வீண் வம்பு.

முதல் வேலை பேப்பரிலும் பென்சிலிலும். வீட்டுக் குழாயின் கைப்பிடியைக் கழற்றி முன், மேல், பக்கத் தோற்றங்களை வரையட்டும். இங்கே வழக்கமாக முதற்கோண எறியத்தில் வரைவார்கள், அதாவது மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். இணையத்து அமெரிக்கப் பாடங்களில் மூன்றாங்கோணம் இருக்கும், அதில் மேல்தோற்றம் மேலே நிற்கும். இது பிடிபடாமல் கணினிக்குப் போகிற பிள்ளை திரையில் சுழலும் அழகிய பொம்மை செய்யும், பட்டறை வாசிக்கக்கூடிய வரைபடம் தராது.

அடுத்தது, பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் ஒரு 6205 பேரிங் வாங்கிக் கொடுங்கள். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீற்றர். எந்த நாட்டில் செய்திருந்தாலும் 6205 என்றால் இந்த அளவுதான். அதைத் தாங்கும், நான்கு போல்ட் துளைகளுள்ள கூடு ஒன்றை அவள் கணினியில் மாதிரியமைக்கட்டும். உருவத்துக்கு அடிப்படையான ஸ்கெட்சில் ஒவ்வொரு கோடும் கட்டுப்பட்டிருக்க வேண்டும், அதாவது அதன் அளவும் இடமும் நிர்ணயமாகியிருக்க வேண்டும். சொலிட்வேர்க்ஸில் நீலக்கோடு இன்னும் நகரும், கறுப்பு முழுதாகக் கட்டுண்டது. நான்கு போல்ட் துளைகளையும் விளிம்பிலிருந்து அளக்காமல் மையத்திலிருந்து அளக்க வேண்டும். பிறகு 6205ஐ எடுத்துவிட்டு 6206 போடச் சொல்லுங்கள்: 30, 62, 16. மூன்று எண்களை மாற்றியதும் கூடு ஒழுங்காகப் பெருத்தால் அவள் யோசித்துக் கட்டியிருக்கிறாள். திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை வந்தால், முதலிலிருந்து. இந்த ஒரு பயிற்சியில் ஒரு பருவத்துப் பாடம் இருக்கிறது.

அப்புறம்தான் தொழிலின் உயிர், சகிப்பளவு: ஒரு அளவு எவ்வளவு கூடிக் குறையலாம் என்கிற எல்லை. ‘25’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் லேத் பாஸ் என்ன கடைவார்? புஷ் என்கிற உருளைக் கூட்டுக்குள் நெருக்கமாகப் பொருந்தி, ஆனாலும் இறுகாமல் சுற்றும் தண்டு என்றால் துளைக்கு எச்7, தண்டுக்கு ஜி6 என்று குறிப்பார்கள். அப்படியென்றால் துளை 25.000க்கும் 25.021க்கும் இடையில், தண்டு 24.980க்கும் 24.993க்கும் இடையில். மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்குகளைப் பற்றிப் பேசுகிறோம். நீங்கள் தைக்கிறவர், சட்டைக்குத் துணி வெட்டும்போது உடம்பளவுக்கு மேல் எவ்வளவு விடுவது என்று கை பார்த்து விடுவீர்களே, அதே கணக்குத்தான். இங்கே கைக்குப் பதில் அட்டவணை இருக்கிறது. எல்லா அளவுக்கும் இறுக்கமான சகிப்பளவு போடுகிற புதியவர்களைப் பட்டறையில் திட்டித் தீர்ப்பார்கள், ஏனென்றால் தேவையில்லாமல் இறுக்கும் ஒவ்வொரு மைக்ரோனுக்கும் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) யாரோ காசு கட்ட வேண்டும்.

அதனால் பட்டறை கட்டாயம். கிராண்ட்பாஸ், பஞ்சிகாவத்தைப் பக்கம் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் சனிக்கிழமைகளில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள சுழலும் கட்டரால் குடையும் பள்ளத்தின் உள்மூலை 3 மில்லிமீற்றருக்குக் குறைந்த வளைவில் வராது என்பதைப் புத்தகத்தில் வாசிப்பது வேறு, கூர்மூலை வரைந்துகொண்டு போய் பாஸிடம் பேச்சு வாங்குவது வேறு. பிளாஸ்டிக் மோல்டில் பக்கச் சுவருக்கு ஓரிரு பாகை சரிவு விடாவிட்டால் சாமான் கழன்று வராது என்பதும் அப்படித்தான் மண்டையில் ஏறும்.

“பொம்பிளைப் பிள்ளைக்குப் பட்டறையா?” என்று மூத்த மாமி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு தடவை தகப்பனார் கூடப் போகட்டும், முடியைக் கட்டி, சப்பாத்து போட்டுக்கொண்டு போகட்டும். மாமிக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. மொழியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் கவலை: கொழும்புப் பட்டறைகளில் வேலை பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கும். அவளுடைய சிங்களம் பஸ்ஸில் இறங்குமிடம் சொல்கிற அளவுதான் என்றால் இப்போதே பழகத் தொடங்க வேண்டும்.

சான்றிதழுக்கு வருவோம். மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி 1893இலிருந்து இருக்கிறது. நம்மவர்கள் அதைத் தாண்டி ரயில் ஏறப் போவார்களே தவிர உள்ளே போய்க் கேட்கமாட்டார்கள். முதலில் அங்கே போய் விசாரியுங்கள். அவளுடைய பெறுபேற்றுக்கு இன்னும் இரண்டு கதவுகளையும் தட்டலாம்: மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் ஹோமாகம, தியகமவில் நடத்தும் தேசியத் தொழில்நுட்ப டிப்ளோமா (மூன்று வருடத்தில் ஒரு வருடம் தொழிற்சாலைப் பயிற்சி) ஒன்று, மற்றது முகத்துவாரத்து உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தின் பொறியியல் உயர் டிப்ளோமா. அரச நிறுவனங்கள் என்பதால் செலவு உங்கள் காணியைத் தொடாது. இசட் புள்ளிக்குப் போட்டி இருக்கும், கிடைக்கும் என்று வாக்குத் தரமாட்டேன். விண்ணப்பத் திகதியைத் தவறவிடாதீர்கள், அவ்வளவுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆரம்பச் சம்பளம் கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்லும்படி இருக்காது. வரைந்தவள் இவள், கையெழுத்திடுகிறவர் பட்டம் பெற்ற பொறியியலாளர் என்கிற நிலை சில வருடங்களுக்கு உறுத்தும். உறுத்தினால் ஏற வழி உண்டு. தேசியத் தொழிற் தகைமையில் (என்.வி.கியூ) 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டம். இரத்மலானையில் அதற்கென்றே தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாவலயில் திறந்த பல்கலைக்கழகமும் இருக்கிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம். அந்தப் பட்டத்துக்குச் சம்பளத்திலிருந்து அவளே கட்டுவாள்.

ஆனால் எங்கும் பதிவதற்கு முன் அவளையும் சோதிக்க வேண்டும், சித்தப்பாவை மறுத்தோம் என்பதற்காக இவளை அப்படியே நம்பிவிட முடியாது. மேலே சொன்ன பேரிங் கூட்டை முழு வரைபடத்தோடு முடிக்க ஒரு மாதம் கொடுங்கள். நினைவூட்டாதீர்கள், பாராட்டவும் வேண்டாம். உருவம் கட்டும்வரை உற்சாகமாக இருந்துவிட்டு அளவு குறிக்கும் கட்டத்தில் கைவிட்டால், அவளுக்குப் பிடித்தது படம், இந்தத் தொழில் இல்லை. அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு பேசுவோம். தானாகவே மூன்றாவது தடவை திருத்திக்கொண்டிருந்தாள் என்றால் யாரும் குறுக்கே நிற்கக்கூடாது, நீங்களும்தான்.

சித்தப்பாவுக்குக் கனடா மொழியிலேயே பதில் உண்டு. அந்த நாட்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் 22212 என்ற எண்ணில் படவரைவுத் தொழில்நுட்பவியலாளர்களும் 22301இல் இயந்திரப் பொறியியல் தொழில்நுட்பவியலாளர்களும் தனித் தொழில்களாகவே இருக்கிறார்கள். இதனால் விசா கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது அங்கே மரியாதையான தொழில் என்று மட்டும் சொல்கிறேன். அவரோடு மகளே பேசட்டும், நீங்கள் நடுவில் நின்று விளக்க வேண்டாம். கட்டணத்தில் ஒரு பகுதியைத் தான் தருவதாக இருந்தேன் என்று அவர் சொன்னால், ஒரு நல்ல வேனியர் கலிப்பரும் 16 ஜிபி நினைவகமுள்ள கணினியும் போதும் என்று அவளைக் கேட்கச் சொல்லுங்கள்.