எம்ஆர்ஐ இயந்திரமே அவ்வளவு சத்தம் போடுகிறதே, அதற்குள் படுத்திருப்பவரின் மூளை ஒலியைக் கையாளுவதை எப்படி ஆராய்கிறார்கள்?

நியாயமான சந்தேகம். ஸ்கேன் ஓடும்போது இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டும், காதை அடைத்தாலும் மூளையில் ஒலியைக் கையாளும் பகுதியான செவிப்புலப் புறணி அதற்கும் சேர்த்தே வேலை செய்யும். ஆனால் மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எம்ஆர்ஐ வகையான எஃப்எம்ஆர்ஐ நரம்பணுக்களை நேரடியாகப் பார்ப்பதில்லை, அவை வேலை செய்த இடத்துக்குப் பாயும் ரத்தத்தைத்தான் பார்க்கிறது, அது உச்சத்துக்கு வர 4 முதல் 6 வினாடி ஆகும். அதனால் படமெடுப்பதை நிறுத்திவிட்டு, அமைதியில் ஒரு சொல்லையோ இசைத் துணுக்கையோ கேட்க வைத்து, சில வினாடி பொறுத்து டக்கென்று ஒரு படம் எடுக்கிறார்கள். இயந்திரத்தின் சத்தத்துக்கு ரத்த ஓட்டம் ஏறுவதற்குள் படம் முடிந்துவிடும். அருமையான உத்தி! என்ன, படங்கள் குறைவாகக் கிடைக்கும், ஆள் அதிக நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

அப்புறம், ஒலி காதில் விழுந்து சுமார் 100 மில்லிவினாடியில் மூளையில் எழும் மின் அலையைப் பிடிக்க எஃப்எம்ஆர்ஐ உதவாது, அதற்கு மூளையின் மின் சமிக்ஞையை அளக்கும் இஇஜியோ, அதன் காந்தப்புலத்தை அளக்கும், சத்தமே போடாத எம்இஜியோதான் சரி.