ஏஜென்ட் காட்டும் பணம் யாருக்கு?

கேள்வி: குடியாத்தத்தில் தறி வைத்திருக்கிறேன். மகள் பி.இ. மெக்கானிக்கல் முடித்து, ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க இடம் வாங்கிவிட்டாள். பிளாக்டு அக்கவுண்டில் 12 லட்சம் போட வேண்டுமாம். வேலூர் கன்சல்டன்சி ஒன்றில், "பணத்தை நாங்களே போட்டுக் காட்டுகிறோம். விசா வந்ததும் எடுத்துக்கொள்கிறோம். ஒன்றரை லட்சம் வட்டி. வீட்டுப் பத்திரமும் இரண்டு செக்கும் கொடுங்கள்" என்கிறார்கள். மகளின் தாய்மாமன் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறார். அவர் அஃபிடவிட் கொடுத்தால் போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும் ஐயா. கொடுத்துவிட்டீர்கள் என்றால், நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய் வாங்கி வந்துவிடுங்கள்.

அந்த அக்கவுண்ட் உங்கள் மகள் பெயரில் இருக்கும் உண்டியல். ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ போடுகிறீர்கள். அவள் அங்கே போய் முகவரி பதிந்து, சாதாரண பேங்க் அக்கவுண்ட் திறந்த பிறகு மாதம் 992 யூரோ வீதம் அதற்கு வரும். அவளுடைய வாடகையும் அரிசியும் அதுதான். ஏஜென்ட் எடுத்துக்கொண்டால் பிள்ளை எதைச் சாப்பிடும்?

இப்படி மாட்டிய காட்பாடிப் பையன் ஒருவனைத் தெரியும். மாதம் பிறந்து 992 வந்த அன்றே ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் வந்துவிடும். அதை அனுப்பிவிட்டு, ராத்திரியில் கிடங்கில் பார்சல் அடுக்கினான். இரண்டு பேப்பர் போயிற்று. ஒரு மாதம் தாமதமானதும் இங்கே அப்பாவின் செக்கை பேங்கில் போட்டுவிட்டார்கள். அது மட்டுமில்லை, விசா முடிந்தாலும் அங்கே போய்த் தங்கும் அனுமதி வாங்கும்போது பணம் எங்கே என்று மறுபடி கேட்பார்கள். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் மகளின் கையெழுத்து. மாட்டினால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பத்திரத்தை எங்கேயாவது வைத்தே தீர வேண்டும் என்றால் பேங்கில் வையுங்கள். கல்விக் கடனில் அங்கே தங்கும் செலவும் சேரும். பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் சொத்து ஜாமீன் கேட்பார்கள். வில்லங்கச் சான்றிதழ், மூலப்பத்திரம், வக்கீல் கருத்து, மதிப்பீடு என்று ஆறு தடவை அலைய விடுவார்கள். ஏழாவது தடவை போனால் மேனேஜர் மாற்றலாகிப் போயிருப்பார். பிள்ளை படிக்க வாங்கும் கடனுக்கு இவ்வளவு இழுத்தடித்தால் ஜனங்கள் ஏஜென்ட்டிடம் போகாமல் என்ன செய்வார்கள்? இருந்தாலும் இந்த அலைச்சல் மேல்.

அப்புறம் தாய்மாமன் விஷயம். கோர்ட் வாசலில் டைப் அடித்து நோட்டரி முத்திரை குத்திய அஃபிடவிட்டை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். அதற்கென்று தனிப் பத்திரம் இருக்கிறது. அதன் ஜெர்மன் பெயர் நம் வாயில் நுழையாது, பொறுப்பேற்புப் பத்திரம் என்று வைத்துக்கொள்வோம். அவர் தன் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு நேரில் போய், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் காட்டி, 29 யூரோ கட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்புக்காக என்று அதில் எழுதியிருக்க வேண்டும். சுற்றுலாவுக்கு என்று எழுதி வாங்கினால் வீண். அசலைக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள், ஆறு மாதத்துக்குள் விசாவுக்குக் கொடுத்துவிடுங்கள். அவருக்கு மனைவி, குழந்தைகள் இருந்தால் அதற்கேற்பச் சம்பளம் கூடுதலாக இருக்க வேண்டும். இது தாய்மாமன் சீர் மாதிரி ஒரு நாள் செலவு இல்லை. உங்கள் மகளுக்காக அங்கத்திய அரசு செலவழிக்க நேர்ந்தால் ஐந்து வருடம் வரைக்கும் அவரிடம் வசூலிக்கலாம். அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவர் வீட்டம்மாவுக்கும் தெரியட்டும்.

ஏ.பி.எஸ். சான்றிதழ், அதாவது மகள் இங்கே படித்த சான்றிதழ்களை ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருவது, வாங்கியாயிற்றா? 2022 நவம்பரிலிருந்து அது இல்லாமல் விசா இல்லை. கட்டணம் 18,000 ரூபாய், மகளே விண்ணப்பிக்கலாம். "சீக்கிரம் வாங்கித் தருகிறோம்" என்று தனியாகக் காசு கேட்டால் நம்பாதீர்கள்.

கடைசியாக, அட்மிஷன் கடிதத்தில் படிப்புக் கட்டணம் எவ்வளவு என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். வருடத்துக்குப் பத்து லட்சம் என்று இருந்தால் அது தனியார் கல்லூரியாக இருக்கலாம். சேர்த்துவிடும் கன்சல்டன்சிக்கு அங்கிருந்து கமிஷன் வரும். அப்படி இருந்தால், பணம் எதுவும் கட்டுவதற்கு முன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.