பூட்டான் பயணம்: கேள்வி பதில்

நாலு தடவை போய்வந்தவன் என்பதால் கேட்கிறீர்கள். சரி, தெரிந்ததைச் சொல்கிறேன். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்று வேண்டும். ஆதார் செல்லாது. முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கே: சார், நான், மனைவி, 9 வயதுப் பெண், 4 வயதுப் பையன். கோவையிலிருந்து ஆறு இரவுக்கு எவ்வளவு ஆகும்?

ப: முதலில் எஸ்.டி.எஃப். என்கிற வளர்ச்சிக் கட்டணம். இந்தியப் பெரியவருக்கு ஒரு இரவுக்கு 1,200 ரூபாய், 6 முதல் 12 வயதுவரை பாதி, அதற்குக் கீழே இலவசம். உங்கள் கணக்கு 14,400 + 3,600 = 18,000. இது போய்ச் சேருமுன்பே ஆகும் செலவு.

அடுத்து வழி. பூட்டானின் பாரோ விமான நிலையத்துக்கு நேராகப் பறந்தால் நாலு டிக்கெட்டிலேயே பட்ஜெட் கரைந்துவிடும். மேற்கு வங்கத்தின் பாக்டோக்ரா வரை விமானம், அங்கிருந்து காரில் எல்லை ஊரான ஜெய்காவ் போவதுதான் சிக்கனம். நேரம் இருந்தால், திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை வழியாகவே பாக்டோக்ரா பக்கத்திலுள்ள நியூ ஜல்பாய்குரிக்குப் போகிறது. ஆனால் நாலு வயதுப் பையனோடு கிட்டத்தட்ட இரண்டு நாள் ரயிலா? யோசியுங்கள். ஜெய்காவுக்கு இருட்டிய பிறகு சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடுங்கள். இந்திய மண் என்பதால் அந்த இரவுக்குக் கட்டணம் இல்லை. மறுநாள் காலையில் எல்லையைத் தாண்டியதும் வரும் பூட்டான் ஊரான புன்ட்ஷோலிங்கில் பெர்மிட் வாங்கிக்கொண்டு தலைநகர் திம்பு போக ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

உள்ளே பெரிய செலவு கார்தான். இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து பெரிய வண்டியாக எடுத்தால் பாதி மிச்சம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் அசலை மறக்காதீர்கள்.

கே: அண்ணா, ஆதார் போதுமா?

ப: போதாது.

கே: அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. புலிக்கூடு மடாலத்துக்கு ஏற முடியுமா?

ப: புலிக்கூடு என்கிற தக்த்சங் 3,120 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குதிரை பாதி வழிவரைதான், அதுவும் ஏறுவதற்கு மட்டும். இறங்கும்போது நடக்கத்தான் வேண்டும். கடைசியில் நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். முட்டி வலிக்கு இறக்கம்தான் எமன். பாதி வழி உணவகத்திலிருந்தே மடாலம் அழகாகத் தெரியும். அதற்குமேல் கூட்டிப்போக வேண்டாம்.

கே: 1,200 ரூபாய் பகல் கொள்ளை! முன்பெல்லாம் நமக்கு ஒரு காசு கிடையாதே?

ப: கிடையாதுதான். 2020-ல் கொண்டுவந்தார்கள், கொரோனாவில் எல்லை மூடிக் கிடந்ததால், 2022 செப்டம்பரில் திறந்த பிறகுதான் நமக்கு உறைத்தது. அமெரிக்கர் ஒரு இரவுக்கு 100 டாலர் கட்டுகிறார். மொத்த ஜனத்தொகையே எட்டு லட்சத்துக்குள் இருக்கும் நாடு அது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024-ல் இ-பாஸ் கேட்கும் நிலைக்கு நாமே வந்தோம். அவர்கள் முன்கூட்டியே சுதாரித்தது தப்பா?

கே: அப்படியென்றால் பணக்காரன் மட்டும் மலையைப் பார்க்கட்டும் என்கிறீர்களா சார்? நான் காலேஜ் படிக்கிறேன்.

ப: அது நியாயமான கோபம், தம்பி. ஆறு இரவுக்கு 7,200 ரூபாய் உனக்குப் பெரிய தொகைதான். நேபாளம் போ. விசா இல்லை, தினக் கட்டணமும் இல்லை. 1993-லிருந்து நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160 என்றே கணக்கு. பொக்காராவில் ஏரிக்கரையில் உட்கார்ந்தே அன்னபூர்ணா பார்க்கலாம். ஆனால் பூட்டான் கட்டணமே அநியாயம் என்று மட்டும் சொல்லாதே. பூட்டானில் பள்ளியும் மருத்துவமனையும் மக்களுக்கு இலவசம். அதற்கும் பணம் எங்கிருந்தாவது வர வேண்டுமே.

கே: ஜூலையில் லீவு கிடைக்கிறது. போகலாமா?

ப: வேண்டாம். மழையில் புன்ட்ஷோலிங் ரோட்டில் மண் சரியும். அக்டோபர், நவம்பர் பாருங்கள்.

கே: ஆதாரோடு பான் கார்டும் சேர்த்துக் காட்டினால்...

ப: என் நண்பர் ஒருவர் இதே நம்பிக்கையோடு வந்து மூன்று நாள் ஜெய்காவ் லாட்ஜில் டிவி பார்த்தார்.

கே: சைவம் கிடைக்குமா?

ப: தாராளமாக. ஏமா தட்ஷி என்றால் மிளகாயும் பாலாடைக்கட்டியும். மிளகாய் அங்கே காரத்துக்குப் போடுவதில்லை, அதுதான் காய்.

கே: பணம் மாற்ற வேண்டுமா?

ப: ஒரு நுல்ட்ரம் ஒரு ரூபாய். நம் நோட்டையே வாங்குவார்கள், 100 ரூபாய்த் தாளாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமான நுல்ட்ரத்தை ஜெய்காவ் கடைகளிலேயே செலவழித்துவிடுங்கள். ஊருக்குக் கொண்டுவந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு 50 நுல்ட்ரம் தாள் சாமி படத்துக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது.