படகில் ரத்தம் பீறிட்டால், கரை சேரும்வரை என்ன செய்வது?

கேள்வி: பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கிறேன். போன மாதம் வலை இழுக்கும்போது ஒரு தம்பியின் முன்கை வின்ச் கயிற்றில் மாட்டிக் கிழிந்துவிட்டது. காபித்தூளை அப்பி, துண்டைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கரை சேர்வதற்குள் மயங்கிவிட்டான், நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். எங்கள் ஆட்களில் பலர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். முதலுதவிப் பயிற்சியெல்லாம் எங்களுக்குச் சரிப்படுமா? ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் கேஸ் வருமா?

பதில்: தாராளமாகச் சரிப்படும். சொல்லப்போனால் ஊருக்குள் இருப்பவர்களைவிட உங்களுக்குத்தான் இது அதிகம் தேவை. ராமநாதபுரத்தில் சாலையில் அடிபட்டால் 108 வரும். நடுக்கடலுக்கு 108 வராது. பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். உங்களுக்கோ கரை சில மணி நேரத் தொலைவில். அதனால் ஒன்றே ஒன்றைத்தான் கற்க முடியும் என்றால், ரத்தத்தை நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

காபித்தூள், மஞ்சள், டீசல் எதுவும் வேண்டாம். ரத்தத்தை நிறுத்துவது அழுத்தம்தான். காயம் தெரியும்படி சட்டையைக் கிழித்துவிட்டு, ரத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். சுத்தமான துணியை அந்த இடத்தில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால், முழங்கையை மடக்காமல், உடம்பின் பாரம் முழுவதும் இறங்கும்படி அழுத்துங்கள். பள்ளமான காயம் என்றால் துணியை விரலால் உள்ளே திணித்து, பள்ளம் நிறைந்த பிறகு மேலே அழுத்த வேண்டும். தொடை இடுக்கு, அக்குள் போன்ற இடங்களில் கட்டு நிற்காது. அங்கே இப்படித் திணிப்பதுதான் வழி. நெஞ்சிலும் வயிற்றிலும் மட்டும் திணிக்கக் கூடாது. நம் ஆட்கள் பெரும்பாலும் தப்பு செய்வது இதற்கு அப்புறம்தான்: நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள். உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி பீறிடும். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் கையை எடுக்காதீர்கள். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள்.

அழுத்தியும் நிற்கவில்லை, அல்லது கையோ காலோ துண்டாகிவிட்டது என்றால் டூர்னிக்கெட், அதாவது ரத்த ஓட்டமே நிற்கும்படி கையையோ காலையோ இறுக்கும் கட்டு, போட வேண்டும். முடிச்சு போட உங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கைக்கு எட்டும் நைலான் கயிற்றை எடுத்துவிடுவார்கள். அது தோலையும் நரம்பையும் அறுக்கும். இரண்டு விரல் அகலமாவது இருக்கிற துணிப்பட்டை வேண்டும். காயத்துக்கு இரண்டு, மூன்று அங்குலம் மேலே, மூட்டின்மேல் படாமல் கட்டி, ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, குச்சி சுழலாமல் கட்டிவிடுங்கள். வலியில் கத்துவான், இரக்கப்பட்டுத் தளர்த்தாதீர்கள். கட்டிய நேரத்தைப் பேனாவால் அவன் நெற்றியிலேயே எழுதுங்கள். 2 மணி நேரத்துக்கு மேல் போனால் கைக்கு ஆபத்து கூடும் என்பது உண்மை. அதற்காகக் கடலில் அவிழ்த்துப் பார்த்தால் உயிருக்கே ஆபத்து. அவிழ்ப்பது டாக்டர் வேலை.

விரல் துண்டானால் மீன் பெட்டி ஐஸில் நேராகப் போட்டுவிடாதீர்கள். சதை உறைந்து வீணாகிவிடும். ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பாலிதீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வையுங்கள். கொக்கியோ இரும்போ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காமல் அசையாதபடி கட்டுங்கள். ஆளைப் படுக்க வைத்து, ஈர உடையை மாற்றி, போர்த்திவிடுங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவதும் தாமதமாகும். சோடா, டீ கொடுக்க வேண்டாம். ஒருவர் காயத்தைப் பார்க்கும்போதே இன்னொருவர் கடலோரக் காவல்படையை 1554-இலோ விஎச்எஃப் வயர்லெஸ்ஸின் 16-ஆம் சேனலிலோ கூப்பிட வேண்டும்.

கேஸ் விஷயம். சாலை விபத்தில் உதவுபவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. படகுக்கு அது பொருந்தாது. ஆனால் பேசவும் முடியாமல் கிடக்கிற ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்று இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு சொல்கிறது. பயந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

பயிற்சிக்குத் தோதான காலம் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், ஆட்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள். சங்கத்தின் பேரில் செஞ்சிலுவைச் சங்கத்தையோ தீயணைப்பு நிலையத்தையோ கேளுங்கள். ஒரு நிபந்தனை போடுங்கள்: ஒவ்வொருவரும் தன் கையாலேயே அழுத்தி, திணித்து, முறுக்கிப் பார்க்க வேண்டும். திரையில் படம் காட்டி, வடை டீ கொடுத்து, சான்றிதழ் நீட்டுகிற வகுப்பால் படகில் ஒரு பிரயோஜனமும் இல்லை. வீட்டிலேயே பழக, பழைய மெத்தை ஸ்பாஞ்சில் ஓட்டை போட்டு அதில் துணி திணித்துப் பார்க்கலாம். எட்டாம் வகுப்பு தாண்டாத கைக்கும் இது வரும். டிரைவர் ஒருவருக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது. அடிபடுவது அவராகவும் இருக்கலாம்.

படகில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான்: சுருள் காஸ் துணி, அகலமான எலாஸ்டிக் பேண்டேஜ், கையுறை, கத்தரிக்கோல், மார்க்கர் பேனா, முடிந்தால் கடையில் விற்கும் நல்ல டூர்னிக்கெட் இரண்டு. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டிரைவர் நிற்கும் இடத்தில், இருட்டிலும் கைக்கு அகப்படும்படி கட்டி வையுங்கள். என்ஜின் அறையில் வேண்டாம். அவசரத்துக்கு அதற்குள் இறங்கித் தேட நேரம் இருக்காது.