தாமிரம் சேர்த்த படிகமும் காங்கேயத்துக் கல்லும்

மதிப்பிற்குரிய ஐயா,

காங்கேயத்தில் கல்லுக்குப் பட்டை தீட்டுவது எங்கள் குடும்பத் தொழில். கோவையில் முதுகலை இயற்பியல் படிக்கும் என் மகள், ட்ரைகிளைசீன் சல்ஃபேட் என்ற ஃபெர்ரோ எலெக்ட்ரிக் படிகத்தைத் தாமிரம் சேர்த்து வளர்க்கிறாள். சுத்தமான படிகத்தில் எதற்கு வேறு உலோகம்? நிறத்தைப் பார்த்தே உலோகத்தைச் சொல்லிவிடலாமே, நிறமாலை எதற்கு? அந்தப் படிகத்தை எங்கள் பட்டறையில் தீட்டித் தரலாமா?

ஒரு வாசகர், காங்கேயம்

அன்புள்ள நண்பருக்கு,

நிறத்தை மட்டும் நம்ப முடியாது. மாணிக்கத்தின் சிவப்புக்கும் பெரும்பாலான மரகதங்களின் பச்சைக்கும் காரணம் குரோமியம்தான். அதைச் சூழ்ந்த ஆக்சிஜன் அணுக்களின் மின்புலம் மாணிக்கத்தில் வலுவாகவும் மரகதத்தில் சற்றுத் தளர்ந்தும் இருப்பதால், உறிஞ்சப்படும் ஒளியின் அலைநீளம் நகர்ந்து நிறம் வேறாகிறது. லித்தியம் நையோபேட் என்ற ஃபெர்ரோ எலெக்ட்ரிக் படிகத்தில் குரோமியத்தை மட்டும் சேர்த்தால் பச்சை வரும். கூடவே மக்னீசியத்தையும் போதிய அளவு சேர்த்தால், லித்தியத்தின் இடத்தில் அமர்ந்திருந்த குரோமிய அயனிகளில் ஒரு பகுதி நையோபியத்தின் இடத்துக்கு மாறிவிட, அதே படிகம் இளஞ்சிவப்பாகிறது. உங்கள் பக்கத்துப் படியூர் அக்வாமரினுக்கு நிறம் தருவது இரும்பு என்று அனுபவத்தில் சொல்லிவிடலாம். அந்த இரும்பு எந்த மின்னேற்றத்தோடு எங்கே இருக்கிறது என்பதை, எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் நிறமாலைதான் சொல்லும்.

உலோகத்தைச் சேர்ப்பதன் நோக்கமும் இதிலேயே இருக்கிறது. ஃபெர்ரோ எலெக்ட்ரிக் படிகத்துக்குள் நேர், எதிர் மின்னேற்றங்களின் மையங்கள் தாமாகவே விலகி நிற்கின்றன. வெளியிலிருந்து தரும் மின்புலத்தால் அந்த விலகலின் திசையைத் திருப்பலாம். ட்ரைகிளைசீன் சல்ஃபேட்டில் 49 டிகிரி செல்சியசுக்கு மேல் இப்பண்பு மறைந்துவிடும். உள்ளே அமர்ந்த தாமிர அயனி, தன்னைச் சுற்றி நடப்பதைத் தன் எலெக்ட்ரான்களின் ஆற்றல் மட்டங்களில் காட்டும் ஒற்றன். படிகத்தைக் காந்தப்புலத்தில் வைத்து, அது நுண்ணலையை உறிஞ்சுவதைப் பதிவுசெய்யும் முறைக்கு எலெக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு என்று பெயர். அந்தப் பதிவில் தாமிரத்தின் அணுக்கருவால் பொதுவாக நான்கு கோடுகள் தோன்றுகின்றன. படிகத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி அக்கோடுகள் நகர்வதை அளந்தால், அயனியைச் சுற்றியுள்ள அணுக்களின் அமைப்பையும் சமச்சீரையும் கணக்கிட்டுவிடலாம். 49 டிகிரிக்குக் கீழும் மேலும் அளந்து ஒப்பிட்டால்தான் ஆய்வு முழுமையாகும் என்பது என் கருத்து.

மகளிடம் இன்னொன்றையும் கேளுங்கள். கரைசலில் போட்ட தாமிரம் முழுவதும் படிகத்துக்குள் போவதில்லை. பெரும்பகுதி கரைசலிலேயே தங்கிவிடக்கூடும். கரைசலின் சதவீதத்தையே படிகத்தின் சதவீதமாக எழுதிவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. படிகத்தில் ஒரு துண்டைக் கரைத்து, அதிலுள்ள தாமிரத்தைத் தனியே அளந்தாக வேண்டும்.

தீட்டித் தருவதில் மட்டும் அவசரப்படாதீர்கள். இது தண்ணீரில் கரையும் படிகம். உங்கள் சாணையில் நீர் விட்டுத் தீட்டினால் மழுங்கிக் கரைந்துபோகும், அழுத்தினால் ஒரு தளத்தில் எளிதாகப் பிளந்துகொள்ளும். ஈர நூலால் அறுத்து, லேசாக நனைத்த துணியில் தேய்த்து மெருகேற்றுவதே ஆய்வகங்களின் வழக்கம். உங்கள் கைப்பழக்கத்துக்கு அது கடினமாக இராது.