சைக்கிள் பாதை வடிவமைப்பு விதிகளை நாட்டுக்கு நாடு ஒப்பிட, எதை முதலில் பார்க்க வேண்டும்?

அகலத்தில் ஆரம்பிக்காதீர்கள். நான் அங்கேதான் ஆரம்பித்தேன். நெதர்லாந்தின் குரோ கையேடு, ஜெர்மனியின் ஈஆர்ஏ 2010, இங்கிலாந்தில் 2020 ஜூலையில் வந்த எல்டிஎன் 1/20 ஆகிய மூன்று சைக்கிள் பாதை வடிவமைப்புக் கையேடுகளையும் வைத்து ஒரு அட்டவணை போட்டேன். ஒருவழிப் பாதைக்கு மூன்றிலும் 2 மீட்டர். எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன்.

அப்புறம் நிதானமாகப் படித்தால், அந்த 2 மீட்டர் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி. நெதர்லாந்தில் அது நெரிசல் நேரத்தில் மணிக்கு 150 சைக்கிள் வரைதான். அதற்கு மேல் போனால் பாதை இன்னும் அகலமாக வேண்டும். ஜெர்மனியில் சைக்கிள் குறைவாக ஓடும் இடத்தில் 1.6 மீட்டருக்கு இறங்கலாம். இங்கிலாந்தில் இடநெருக்கடி என்றால் 1.5 வரை. கார் நிறுத்த இடம் ஒதுக்கிய பிறகு 'இடமில்லை' என்று சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

அடுத்து, அந்த அகலத்தில் ஓட்டக் கிடைப்பது எவ்வளவு? இதை எல்டிஎன் அழகாகச் சொல்கிறது. ஓரத்துக் கல் 6 செ.மீ.க்கு மேல் 15 செ.மீ. வரை உயர்ந்திருந்தால், அந்தப் பக்கம் 20 செ.மீ. கூடுதலாக விட வேண்டும். 60 செ.மீ.க்கு மேற்பட்ட சுவர் என்றால் 50 செ.மீ. பெடல் கீழே வரும்போது கல்லில் தட்டும், கைப்பிடி சுவரில் உரசும். அந்தப் பயத்தில் யாரும் ஓரத்தை ஒட்டி ஓட்ட மாட்டார்கள். இரண்டு பக்கமும் சுவர் இருந்தால் 2 மீட்டரில் மிஞ்சுவது 1 மீட்டர்தான். அதே ஆவணம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் சைக்கிளின் அகலமோ 1.2 மீட்டர்! சரக்கு சைக்கிளும் மூன்று சக்கர சைக்கிளும் போக வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த 1 மீட்டரில் அவற்றைப் பயமில்லாமல் ஓட்ட முடியாது.

அகலத்தைவிடப் பெரிய கேள்வி, கார்களிலிருந்து எப்போது பிரிக்க வேண்டும் என்பது. வண்டிகளின் வேகம், ஒரு நாளில் ஓடும் எண்ணிக்கை இரண்டையும் வைத்து எல்டிஎன் இதை முடிவு செய்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் கூட்டமைப்பான ஆஷ்டோவின் 2012 கையேட்டில், தடுப்பு வைத்துப் பிரித்த சைக்கிள் தடத்துக்கு வழிகாட்டல் இல்லை. நகரங்களின் கூட்டமைப்பான நாக்டோ 2011லேயே அதைக் கொடுத்திருந்தது. ஆஷ்டோ அதைச் சேர்த்தது 2024 பதிப்பில்தான். அதனால் உங்கள் அட்டவணையில் நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் அமைப்பையும் பதிப்பு ஆண்டையும் கட்டாயம் எழுதிவையுங்கள்.